போன ரிக்வெஸ்டைத் திரும்பக் கூப்பிட்ட கதை

1993-இல் வந்த மொசைக் பிரவுசரில் ஒரு பூமி உருண்டை உண்டு. பக்கம் இறங்கும்வரை சுற்றும். இறங்கி முடித்ததும் நிற்கும். அன்றைய மோடம் வேகத்தில் அது நின்ற நேரத்தைவிடச் சுற்றிய நேரமே அதிகம். பொறுமை போனவர் அந்த உருண்டையின் தலையிலேயே ஒரு கிளிக் வைத்தால் போதும், வந்துகொண்டிருந்தது அப்படியே நின்றுவிடும். சுற்றுகிற உலகத்தை ஒரு விரலால் நிறுத்தலாம்! ரத்து செய்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அதுதான் முதலும் கடைசியும். மறுவருஷமே மொசைக் செய்த இடத்திலிருந்து கிளம்பிய ஆட்கள் நெட்ஸ்கேப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் 'ஸ்டாப்' என்று ஒரு பட்டன், அவ்வளவுதான்.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வகுத்த முதல் எச்டிடிபியில், அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையில், பிரவுசர் பேசக்கூடியது ஒரே ஒரு வரி: 'இந்த முகவரியில் இருப்பதைக் கொடு.' அப்புறம் 1.0 வந்தது, 1.1 வந்தது, போஸ்ட், புட், டெலீட் என்று புதுப்புது வினைகள் சேர்ந்தன. 'கேட்டேன்தான், இப்போது வேண்டாம்' என்பதற்கு மட்டும் யாரும் ஒரு சொல்லும் ஒதுக்கவில்லை. ஆகவே ஸ்டாப் பட்டன் செய்ததெல்லாம், சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பை அறுத்துவிட்டு எழுந்துபோவது. சர்வருக்கு அது உடனே தெரியாது. அது பாட்டுக்கு டேட்டாபேஸைத் தோண்டி, கணக்குப் போட்டு, பக்கத்தைத் தயாரித்து, நீட்டப் போகிற நேரத்தில்தான் எதிரே ஆள் இல்லை என்பதைப் பார்க்கும்.

இந்த அவமானத்துக்காகவே என்ஜின்எக்ஸ் சர்வர் 499 என்று சொந்தமாக ஓர் எண் வைத்திருக்கிறது. எந்தத் தர ஆவணத்திலும் கிடையாது. 404-ஐ ஊர் உலகம் அறியும். 499 என்பது, கேட்டவர் எழுந்து போய்விட்டார் என்று சர்வர் தன் லாக் ஃபைலில் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் புலம்பல். அது யாருக்கும் அனுப்பப்படுவதில்லை. அனுப்ப ஆள் இருந்தால்தானே!

இனி சொல்லப்போகிற கூத்துகள் அத்தனைக்கும் மூலம் இதுதான். பிரவுசர் 'ரத்து செய்துவிட்டேன்' என்றால் அதற்கு அர்த்தம், 'பதில் வந்தாலும் இனி காதில் வாங்கமாட்டேன்.' அந்தப் பக்கம் நடக்கிற வேலை நின்றதா என்பது சர்வருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். 'பணம் செலுத்து' என்பதைத் தட்டிவிட்டுப் பதறிப்போய் ஸ்டாப்பைத் தட்டியவர்களின் வங்கிக் கணக்கைக் கேட்டால் விளக்கமாகச் சொல்லும்.

இனி ரெட்மண்டுக்குப் போவோம். மைக்ரோசாஃப்டில் அவுட்லுக் மெயிலை பிரவுசருக்குள் கொண்டுவரும் வேலை நடக்கிறது. ஒரு மெயிலைத் திறந்தால் முழுப் பக்கமும் வெளுத்துப்போய் மறுபடி முளைத்து வரும்; பார்க்கச் சகிக்காது. அலெக்ஸ் ஹாப்மன் என்பவர், பக்கத்தைக் கலைக்காமல் கொல்லைப்புற வழியாக சர்வரிடம் பேசும் ஒரு சாமானை எழுதினார். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது. கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றை பிரவுசருக்குள் நுழைக்க எந்த மேலாளர் விடுவார்? நல்லவேளை, பிரவுசரோடு ஓர் எக்ஸ்எம்எல் லைப்ரரி போகவிருந்தது. ஹாப்மன் தன் சாமானை அந்த மூட்டைக்குள் செருகிவிட்டார். எக்ஸ்எம்எல் மூட்டையில் போகிறது என்றால் பெயரிலும் எக்ஸ்எம்எல் இருக்க வேண்டாமா? அப்படி வந்ததுதான் எக்ஸ்எம்எல்எச்டிடிபி. அடுத்தவர்கள் கையில் அதுவே எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் ஆயிற்று. கால் நூற்றாண்டாக அது சுமந்துகொண்டிருப்பதில் பெரும்பங்கு ஜேசான் என்ற வேறு வடிவத் தரவு. இனிஷியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

1999 மார்ச்சில் வெளியான அந்தக் கள்ளச் சரக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். பிறக்கும்போதே அதற்கு அபார்ட் என்ற கட்டளை இருந்தது. அனுப்பிய பிறகு மனசு மாறினால் நிறுத்தலாம். பின்னால் வந்த மேதாவிகளுக்குத் தோன்றாதது, மெயில் பெட்டி செய்ய வந்த மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஐந்து வருஷம் பெரிதாக யாரும் அதைச் சீந்தவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று அந்தச் சாமானை வைத்துக்கொண்டு ஜிமெயில் வந்தது. முட்டாள்கள் தின விளையாட்டு என்று பாதிப் பேர் நினைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் கூகுள் சஜஸ்ட். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரை எழுதி, இந்த வித்தைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்துவிட்டால் போதாதா? ஆறு வருஷம் மூலையில் கிடந்த பழைய சாமான் ஒரே வாரத்தில் புதிய தொழில்நுட்பமாகிவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களிலும் ஏறிக்கொண்டது.

சஜஸ்ட் கொண்டுவந்த வம்புதான் நம் கதைக்கு முக்கியம். தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் ஒரு ரிக்வெஸ்ட் கிளம்புகிறது. 'கரும்பு' என்று ஒருவர் தட்டுகிறார் என்று வையுங்கள். 'க'வுக்கு ஒன்று, 'கரு'வுக்கு ஒன்று, 'கரும்'முக்கு ஒன்று, 'கரும்பு'க்கு ஒன்று. போனது இந்த வரிசையில். இதே வரிசையில்தான் பதில் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'கரும்பு'க்குப் பொருந்துவது கொஞ்சம்தான் என்பதால் அது சட்டென்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'கரு'வுக்குப் பொருந்துவது எக்கச்சக்கம். சர்வர் மூச்சு வாங்கித் தேடி, ஒரு வினாடி கழித்து அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து மேலே கொட்டுகிறது. பெட்டியில் இருப்பது கரும்பு. கீழே விரிவது கருவாடு, கருவேப்பிலை, கருங்காலி. பொங்கலுக்குச் சாமான் வாங்க வந்தவர் என்ன நினைப்பார்?

மருந்து எளிது. புது எழுத்து விழுந்ததும் பழைய ரிக்வெஸ்டை அபார்ட் செய். எல்லாரும் செய்தார்கள். செய்த பிறகுதான், மருந்துக்கு என்று தனியாக ஒரு நோய் இருப்பது தெரிந்தது.

இந்தச் சாமானுக்கு ரெடிஸ்டேட் என்று ஓர் எண் உண்டு. 0-இல் தொடங்கி 4 வரை போகும். 4 என்றால் முடிந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தது: 4 வந்ததா, பதிலை எடு, பக்கத்தில் போடு. ரத்து செய்தாலும் 4-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் அது அடங்கும் என்பதைப் புத்தகம் போட்டவர்கள் அடிக்குறிப்பில்கூடச் சொல்லவில்லை. ஆக, கோட் எழுதியவர் 'ஆஹா, பதில்' என்று ஓடிப்போய் ஸ்டேட்டஸைப் பார்ப்பார். 200 இருக்காது, 404 இருக்காது. 0 இருக்கும். 200 இல்லையென்றால் பிழை என்று அவரே எழுதி வைத்த வரி கடமை தவறாமல் ஓடி, 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று ஒரு பெட்டியைத் திரையின் நடுவில் நிறுத்தும். 'கரும்பு' தட்டினால் மூன்று பெட்டி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் சில பதிப்புகளில் இந்தச் சுகமும் கிடையாது. ரத்தான ரிக்வெஸ்டின் ஸ்டேட்டஸைத் தொட்டாலே வெடித்து, 'சி00சி023எஃப்' என்று மந்திரம் மாதிரி ஒன்றை உச்சரித்துவிட்டு ஸ்கிரிப்ட் அங்கேயே படுத்துவிடும்.

இதையெல்லாம் உட்கார்ந்து எழுத்தில் வடிக்கும் பொறுப்பு ஆன்னே வான் கெஸ்டரன் தலையில் விழுந்தது. ஆப்பரா பிரவுசர் நிறுவனத்தில் இருந்த அவர் தொகுத்த முதல் வரைவு 2006 ஏப்ரலில் வந்தது. குழந்தைக்கு ஏழு வயதான பிறகு பிறப்புச் சான்றிதழ். பிரவுசர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த கோணங்கித்தனங்களை மாற்ற முடியாது, மாற்றினால் பாதி வலை உடையும் என்பதால், கோணங்கித்தனமே தரமாயிற்று. அபார்ட் செய்தால் 4 ஆகி, நிகழ்வைக் கூப்பிட்டு, பிறகு யாருக்கும் சொல்லாமல் 0-க்குத் திரும்பும் என்று இன்றைக்கும் அந்த ஆவணத்தில் இருக்கிறது.

அபார்ட்டாவது இருந்ததே என்று ஆறுதல் கொள்ள வேண்டிய நிலையிலும் பலர் இருந்தார்கள். வேறு டொமைனிலிருந்து தரவு எடுக்க ஸ்கிரிப்ட் டேக் ஒன்றைச் செருகும் ஜேசான்-பி என்ற தந்திரம் இருந்தது. அதை நிறுத்த வழியே இல்லை; டேகைப் பிடுங்கி எறிந்தாலும் இறங்கியது ஓடியே தீரும். மறைத்து வைத்த ஐஃப்ரேமில் வேலை பார்த்தவர்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸெக்-கமாண்டைக் கூப்பிட்டு 'ஸ்டாப்' என்றார்கள். எழுத்தைத் தடிமனாக்கவும் சாய்க்கவும் பயன்பட்ட அதே கட்டளை. இன்னொரு பக்கம் ஃபயர்ஃபாக்ஸ், கேட்காமலே ரத்து செய்து கொடுத்தது. ஒரு காலத்தில் அதில் எஸ்கேப் விசையைத் தட்டினால் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ரிக்வெஸ்டுகளும் வெப்சாக்கெட் இணைப்புகளும் சேர்ந்து அறுந்தன. சின்னப் பெட்டி ஒன்றை மூட எஸ்கேப் தட்டினால் சாட் செத்துப்போகும். பிழை என்று ஒப்புக்கொண்டு அதை எடுப்பதற்குள் பலருடைய தலைமுடி போயிற்று.

நேர்எதிர்க் கோஷ்டி ஒன்றும் உண்டு. விளம்பரக்காரர்களும் எண்ணிக்கை எடுப்பவர்களும். வாசகர் டேபை மூடியதும் பிரவுசர் பாக்கி ரிக்வெஸ்டுகளை ரத்து செய்துவிடுகிறது. 'இவர் இத்தனை வினாடி இருந்தார்' என்ற பொன்னான தகவல் நடுவழியில் மாள்கிறது. தாங்குவார்களா? பக்கம் மூடும் தருணத்தில், பதில் வரும்வரை அசையவிடாத ஒரு ரிக்வெஸ்டைப் போட்டு வாசகரை வாசலிலேயே பிடித்து வைத்தார்கள். பொறுக்கமாட்டாமல் 2014-இல் பிரவுசர்கள் சென்ட்பீக்கன் என்று ஒன்றைக் கொடுத்தன: ஒப்படைத்துவிட்டுப் போ, நாங்கள் பின்னால் சேர்த்துவிடுகிறோம் என்ற ஏற்பாடு. அதில் ரத்து கிடையாது. அடுத்து வந்த புதிய முறையில் பயனருக்கு வேண்டியதை நிறுத்தும் உரிமைக்கு இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவரை வேவு பார்ப்பதை நிறுத்தாமல் இருக்கும் உரிமை முன்னதாகவே வந்து சேர்ந்தது.

2015. எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டின் இடத்தைப் பிடிக்க ஃபெட்ச் வந்தது. குரோம் 42-இல், ஃபயர்ஃபாக்ஸ் 39-இல். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஒரே வரி, உள்ளே ப்ராமிஸ், ரெடிஸ்டேட் இல்லை, எக்ஸ்எம்எல் இனிஷியல் இல்லை. பழையதைத் தூக்கி எறியுங்கள் என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கி, 'சார், இதை எப்படிக் கேன்சல் செய்வது?' என்று கேட்டதும் சபையில் இருமல் சத்தம். அதற்கு வழி வைக்கவில்லை. 1999-இல் மூட்டைக்குள் கடத்தி வந்ததில் இருந்தது, பதினாறு வருஷம் கழித்து ராஜபாட்டையில் வந்ததில் இல்லை.

மறதி என்று சொல்லிவிட முடியாது. ப்ராமிஸ் என்பது பின்னால் வரப்போகிற பதிலுக்கான வாக்குறுதி; அதன் சுபாவம் அப்படி. ப்ராமிஸ் ஒரு ஷேர் ஆட்டோ. ஒரே பதிலுக்காகப் பக்கத்தின் மூன்று மூலைகள் ஒரே ப்ராமிஸில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் 'நான் வரவில்லை' என்றால் அவரை மட்டும் இறக்கிவிடுவதா, வண்டியையே ஸ்டாண்டுக்குத் திருப்புவதா? திருப்பினால் மற்ற இருவரும் என்ன பாவம் செய்தார்கள்? ஏறியவர்களை எண்ணிக்கொண்டிரு, கடைசி ஆளும் இறங்கினால் திருப்பு என்றார்கள் சிலர். ஏறியவர்களுக்கு அந்த அதிகாரமே கூடாது, வண்டியை அனுப்பியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். ஃபெட்ச் தரத்தின் விவாதப் பட்டியலில் இது 27-ஆம் எண். 2015-இல் திறந்தது. மெத்தப் படித்தவர்கள் கூடினால் எவ்வளவு பேச முடியும் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்கலாம்.

கீழே உள்ளவர்கள் அடித்துக்கொள்ளட்டும், மொழியிலேயே தீர்த்துவிடலாம் என்று டொமெனிக் டெனிகோலா கிளம்பினார். ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தை வகுக்கும் டிசி39 குழுவில் ரத்து செய்யக்கூடிய ப்ராமிஸ் என்ற திட்டத்தை வைத்தார். ப்ராமிஸ் ஒன்று நிறைவேறும், அல்லது நிராகரிக்கப்படும். இரண்டுமல்லாமல் 'ரத்தானது' என்ற மூன்றாம் கதி ஒன்று வேண்டும் என்பது அதன் ஒரு யோசனை. நியாயம்தான். ரத்து என்பது வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல. ஆனால் மூன்றாம் கதி வந்தால் ட்ரை, கேட்ச் தொடங்கி அத்தனை இடத்திலும் கைவைக்க வேண்டும். 2016 முழுக்க இழுபறி. டிசம்பரில் டெனிகோலா திட்டத்தையே வாபஸ் வாங்கிவிட்டார். ரத்து செய்யும் திட்டமே ரத்து.

இதற்குள் அக்சியோஸ் என்ற பிரபல லைப்ரரி, நாளைக்குத் தரமாகப்போகிறது என்ற நம்பிக்கையில் அந்தத் திட்டத்தைப் பார்த்து கேன்சல்டோக்கன் என்ற ஒன்றைத் தனக்குள் கட்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று போய்விட்டார்கள். பந்தலைப் பிரிக்க மனமில்லை. 'வாபஸ் பெறப்பட்ட திட்டத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று தன் கையேட்டில் அவர்களே எழுதிவைத்துவிட்டு, 2021 வரைக்கும் அந்தப் பந்தலில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2017 தொடக்கத்தில் ஜேக் ஆர்ச்சிபால்ட் என்பவர் அந்த ஃபெட்ச் விவாதத்தின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார். 447-ஆம் எண். தலைப்பிலேயே ஸ்டார் ட்ரெக் தொடரின் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஒட்டு. இம்முறை ப்ராமிஸை யாரும் தொடவில்லை. அபார்ட்கன்ட்ரோலர் என்று ஒன்று. அதிலிருந்து பிறக்கும் அபார்ட்சிக்னல் என்று இன்னொன்று. சிக்னலை ஃபெட்சின் கையில் கொடுத்துவிடு. கன்ட்ரோலரை உன் பையில் வைத்துக்கொள். பையில் இருப்பதை அமுக்கினால் சிக்னல் விழும், ஃபெட்ச் நிற்கும். சிக்னலை வைத்திருப்பவர் பார்க்கலாம், கேட்கலாம், அமுக்க முடியாது. இத்தனை சண்டைக்கும் விடை இவ்வளவுதானா என்று கேட்டால், இவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இதே இரட்டை ஏற்பாடு 2010-லிருந்து கிடக்கிறது. போதாததற்கு, இதை முதலில் பிரவுசரில் வெளியிட்டதும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ்தான், 2017 அக்டோபரில். மறுமாதம் ஃபயர்ஃபாக்ஸ் 57, மறுவருஷம் ஏப்ரலில் குரோம் 66. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திட்டியே வயிறு வளர்த்த ஒரு தலைமுறைக்கு இது செரிக்கக் கஷ்டமான செய்தி.

சஃபாரி வேறு வழி கண்டது. 11.1 பதிப்பில் அபார்ட்கன்ட்ரோலர் இருந்தது. கேட்டால் 'இருக்கிறேன்' என்றது. அமுக்கினால் ஃபெட்ச் நிற்கவில்லை. பொம்மைத் துப்பாக்கி. இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் பயன்படுத்தும் ஒழுக்கமான கோட் எல்லாம், இருக்கிறது என்று நம்பி ஏமாந்தது. 12.1-இல்தான் உள்ளே குண்டு போட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஒரு கன்ட்ரோலரை ஒரு தடவைதான் அமுக்கலாம். அடுத்த எழுத்துக்கு அடுத்தது வேண்டும். ரத்தானது தோல்வியாகவே வந்து விழும், அபார்ட்எரர் என்ற பெயரில். அதனால் உலகத்தில் உள்ள அத்தனை கோட்களிலும் 'அபார்ட்எரர் என்றால் பேசாமல் போய்விடு' என்று ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று; டெனிகோலாவின் மூன்றாம் கதி ஒரு இஃப் வரியாக மறுபிறவி எடுத்தது. 'இத்தனை வினாடிக்குள் வராவிட்டால் தானாக ரத்து' என்ற வசதி 2022-இல் வந்தபோது பலத்த வரவேற்பு. அதே வசதி பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டுக்கு 2009-இலேயே வந்துவிட்டது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல். சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன்.

பிரவுசருக்குள் இந்தக் கூத்து நடந்தபோது கீழ்த்தளத்தில், சத்தமில்லாமல், எச்டிடிபிக்கு வாய் வந்திருந்தது. 2015 மே மாதம் எச்டிடிபி 2. ஒரே இணைப்பில் பல ரிக்வெஸ்டுகள் தனித்தனி ஸ்ட்ரீம்களாக ஓடும். ஒன்றை நிறுத்த மொத்த இணைப்பையும் அறுக்க வேண்டியதில்லை. ஆர்எஸ்டி ஸ்ட்ரீம் என்று ஒரு துண்டை அனுப்பினால் போதும், காரணக் குறி 8, கேன்சல். எழுந்து ஓடாமல் நாகரிகமாக 'வேண்டாம்' என்று சொல்ல வலைக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கற்றுக்கொண்டதும் என்ன ஆயிற்று என்றால், 2023 ஆகஸ்ட் ஆயிற்று.

ஒரு இணைப்பில் ஒரே சமயத்தில் இத்தனை ஸ்ட்ரீம்தான், வழக்கமாக 100 போல, என்று சர்வர்கள் எல்லை வைத்திருந்தன. ரத்தான ஸ்ட்ரீம் அந்தக் கணக்கில் சேராது. ரத்தாகிவிட்டதே, ஏன் சேர வேண்டும்? இதை யாரோ ஒரு புண்ணியவான் உற்றுப் பார்த்திருக்கிறான். ரிக்வெஸ்டை அனுப்பு; அடுத்த நொடிகூட இல்லை, அதே மூச்சில் ரத்தையும் அனுப்பு. மறுபடி ரிக்வெஸ்ட், மறுபடி ரத்து. கணக்குப்படி எப்போதும் பூஜ்யம் ஸ்ட்ரீம். சர்வரோ ஒவ்வொன்றுக்கும் பதறி எழுந்து வேலையைத் தொடங்கி, கைவிட்டு, அடுத்ததைத் தொடங்கி, கைவிட்டு, மூச்சுத் திணறி விழுகிறது. தாக்குகிறவன் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. அவனுக்குத்தான் பதிலே வேண்டாமே. சுமார் 20,000 கணினிகளை வைத்துக்கொண்டு கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மேல் வினாடிக்கு 20 கோடிக்கு மேல் ரிக்வெஸ்டுகளைக் கொட்டினார்கள். கூகுள் மேல் விழுந்தது உச்சத்தில் வினாடிக்கு 39.8 கோடி. விக்கிபீடியாவில் அந்த செப்டம்பர் மாதம் முழுக்கத் திறக்கப்பட்ட கட்டுரைகளைவிட, இரண்டு நிமிஷத்தில் வந்த இந்த ரிக்வெஸ்டுகள் அதிகம் என்று கூகுளே கணக்குச் சொன்னது. அத்தனையும் கேட்ட கையோடு வேண்டாம் என்று சொல்லப்பட்டவை.

அக்டோபர் 10 அன்று விஷயத்தை ஊரறியச் சொல்லி, ரேபிட் ரீசெட் என்று பெயர் வைத்து, சிவிஇ-2023-44487 என்று எண்ணும் கொடுத்தார்கள். சர்வர் எழுதியவர்கள் ராவோடு ராவாக ஒட்டுப்போட்டார்கள். இப்போது பல சர்வர்கள் ரத்துகளையும் எண்ணுகின்றன. ஒருவர் அளவுக்கு மீறி மனசு மாறிக்கொண்டே இருந்தால், நெறிமுறையில் அதற்கென்றே இருக்கும் ஒரு துண்டை அனுப்பிவிட்டு மொத்த இணைப்பையும் சாத்திவிடுகின்றன. அந்தத் துண்டின் அதிகாரப்பூர்வமான பெயர் கோஅவே.